என் கால் எட்டிய டிராக்டர்

விட்பி நகரத்துக்கு வடக்கே என் தங்கச்சி வாங்கிய காணியை முதலில் கண்டுபிடித்தவள் நான். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

ஞாயிறு மத்தியானங்களில் மார்க்கம் நகரில் எங்கள் டவுன்ஹவுஸின் சமையலறையில் இருந்துகொண்டு, வீடு விற்பனை விளம்பரங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. வாங்குவதற்கில்லை, ஆசைப்படுவதற்கு. அப்படித்தான் அந்தப் படம் வந்தது. பழைய செங்கல் வீடு, நாலு ஏக்கர் நிலம், பின்னால் மேப்பிள் மரங்கள், ரோட்டில் இருந்து வீடு வரைக்கும் மேட்டில் ஏறிப் போகும் நீளமான சரளைக்கல் பாதை. எனக்கு அந்தப் பாதையில்தான் மனம் விழுந்தது. கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போடாமலே பார்த்தார்.

"உங்கை போயிருந்து ஆரோடை கதைக்கிறது? ஸ்நோ கொட்டினா உவ்வளவு நீளத்தையும் ஆர் வழிக்கிறது?" என்றார்.

"ஒரு டிராக்டர் வாங்கினா நான் வழிப்பன்."

"ஓம், வழிப்பீர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் டிவியைப் பார்த்தார். கதை அதோடு முடிந்தது.

பெருமூச்சு விட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக அந்தப் படத்தைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவள் பதிலே போடவில்லை. பிறகு ஒருநாள் பதில் வந்தது. அந்த வீட்டு வாசலில் அவளும் அவள் கணவரும் திறப்புச் சாவியை உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் படம். கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று. அன்றைக்கு எரிய ஆரம்பித்த வயிறு எனக்கு இன்னும் முழுதாக அணையவில்லை. பால் காய்ச்சிய அன்று பானையைத் தூக்கிக்கொண்டு முதலில் உள்ளே போனவளும் நான்தான். சிரித்த முகத்தோடு போனேன். படங்களில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன்.

முதல் வருடம் புல் வெட்டவும் பனி வழிக்கவும் அந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் வந்துபோனார். அவர் வயது போய்விட்டதென்று நிறுத்திக்கொண்டதும், இலையுதிர்காலத்தில் தங்கச்சியின் கணவர் எனக்குப் போன் எடுத்தார். அவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், அதனால்தான் அவர்மேல் கோபப்படுவது கஷ்டம்.

"அக்கா, ஒரு மெசின் பாக்க வேணும். புல்லுக்கும் ஸ்நோவுக்கும் சேத்து. நீங்கள் வந்து ஒண்டைத் தொட்டுவிட்டாத்தான் சரிவரும்."

என்னைக் கூப்பிடக் காரணம் இரண்டு. ஒன்று, நான் மார்க்கத்தில் ஒரு வேர்ஹவுஸில் பல வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். மற்றது என் கைராசி. எங்கள் குடும்பத்தில் இது ஒரு முடிந்த முடிவு. நான் தெரிந்தெடுத்துக் கொடுத்த கார் இன்னும் ஓடுகிறது, நான் முதல் ஆளாகச் சாமான் வாங்கிய கடை இப்போது இரண்டு கடை, நான் எண்ணெய் வைத்த பிள்ளைக்குத் தலைமுடி காடாக வளர்ந்திருக்கிறது. எல்லாருடைய சாமானும் என் கை பட்டு விளங்கும். என் வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டிராக்டர் கடையைச் சும்மா விடுவேனா. சொந்தமாக வாங்க வழியில்லாதவள் வேறு எப்படி அதில் ஏறி இருந்து பார்ப்பது.

கடை ஒஷாவா நகரத்துக்கு வடக்கே, சோள வயல்களுக்கு நடுவில் இருந்தது. வெளியே ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று டிராக்டர்கள் வரிசையாக நின்றன. தங்கச்சி இறங்கினதும் பச்சைப் பக்கம் போய், "இது கண்ணுக்குக் குளிர்ச்சியாக் கிடக்கு" என்றாள். அவள் கணவர் இருப்பதிலேயே பெரியதன் முன்னால் போய் நின்றார். இரவிரவாக வீடியோ பார்த்திருக்கிறார், குதிரைவலுவைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. விற்பனை செய்கிற வெள்ளைக்காரர் பொறுமையானவர். குதிரைவலுவைப் பற்றிப் பேசாமல், பாதை எவ்வளவு நீளம், மேடு எவ்வளவு, எங்கே நிறுத்துவீர்கள், கழிவுத் தொட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் காணி, பதில் சொன்னது நான். அந்தக் காணியின் ஒவ்வொரு அடியையும் நான் மனதுக்குள் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன்.

பெரியது சரிவராது என்பது உடனே தெரிந்துவிட்டது. அதன் கபின் கராஜ் கதவுக்குள் நுழையாது. வெளியே நின்றால் மாசி மாதக் குளிரில் டீசல் உறைந்துபோகும். கழிவுத் தொட்டியின் குழாய்கள் ஓடும் புல்தரைக்கு மேலால் அந்தப் பாரம் ஏறினால் பிறகு வேறு விதமான செலவு வரும். சின்னதோ, புல் வெட்டும் மெசினுக்குப் பெரிய ஆளாக வர ஆசை வந்த மாதிரி இருந்தது. ஈரப்பனியோடு அந்த மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கிவிடும். நடுவில் ஒன்று நின்றது. ஹீற்றர் வைத்த கபின், ஆனால் உயரம் அடக்கம். வயிற்றுக்குக் கீழே புல் வெட்டும் தட்டு, முன்னால் மண் அள்ளும் வாளி. கியர் போடும் வேலை இல்லை, பெடலை அமத்தினால் முன்னுக்கு, மற்றதை அமத்தினால் பின்னுக்கு, எங்கள் ஃபோர்க்லிஃப்ட் மாதிரியே. டயரும் நடுத்தரமானது. வயல் டயர் புல்லைக் கிழிக்கும், புல்தரை டயர் பனியில் வழுக்கும், இது இரண்டுக்கும் பொது.

இருக்கையில் ஏறி இருந்தேன். அதுதான் பிழை. இருந்ததும் கால் பெடலில் சரியாகப் போய் விழுந்தது. நான் உயரத்தில் கட்டை. வேர்ஹவுஸில் கூட முதுகுக்குப் பின்னால் ஒரு குஷன் வைத்துத்தான் ஓட்டுகிறேன். இதில் குஷன் தேவைப்படவில்லை. கை நெம்புகோலுக்கு எட்டியது, மெசினின் மூக்கு நுனியும் தெரிந்தது, பின் கண்ணாடியால் தரையும் தெரிந்தது. எனக்கு இந்த இருக்கை வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஒரு பனிநாள் காலையில் இதில் இருந்து, நான் கண்டுபிடித்த அந்தப் பாதையை மேலிருந்து கீழ்வரைக்கும் நான் வழிக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான், அது தங்கச்சியின் பெயரில் எழுதப்படப் போகிறது.

"இதுதான்" என்றேன்.

தங்கச்சியின் கணவர் ஏறினார். ஆறடி மனிதர். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கத்தாலும் எழும்பி நின்றன. "பரவாயில்லை அக்கா, பழகீடும்" என்றார்.

அடுத்தது, பனியை உறிஞ்சி வீசும் ஸ்னோ புளோவரை முன்னால் பூட்டுவதா பின்னால் பூட்டுவதா என்பது. முன்னால் என்றால் நேரே பார்த்து ஓட்டலாம். பின்னால் என்றால் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும். கம்பியூட்டர் வேலை செய்து செய்து அந்த மனிதருக்குக் கழுத்து அரைவாசிக்கு மேல் திரும்பாது என்பது எனக்குத் தெரியும். எனக்கு வேலையில் பாதி நேரம் பின்னுக்குப் பார்த்துத்தான் ஓட்டம்.

"பின்னாலை பூட்டுங்கோ. பூட்டக் கழட்டச் சுகம், பழுது வாறதும் குறைவு" என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. கடைக்காரரும் ஆமோதித்தார்.

என் கணக்கு இதுதான்: முதல் பனியோடு அவருக்கு முழங்காலும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். தங்கச்சி 401 ஹைவேயில் கார் ஓட்டவே பயந்து ரயிலில் வேலைக்குப் போகிறவள், அவள் இதைத் தொடமாட்டாள். பிறகு ஒவ்வொரு பனிக்கும் "அக்கா, ஒருக்கா வாங்கோ" என்று போன் வரும். நானும் அலுத்துக்கொண்டே போவேன்.

கார்த்திகை மாதக் கடைசியில் மெசின் வந்து இறங்கியது. கார் என்றால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யலாம். இதை ஹைவேயில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே தங்கச்சி பூசையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மெசின் நெற்றியில் சந்தனம், குங்குமம், நாலு டயர்ச் சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய்.

"கைராசிக்காரி ஏறுங்கோ" என்றாள். ஏறி, தேசிக்காயை நசித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினேன். இறங்க மனமே வரவில்லை.

இறங்கினதும் தேங்காயைக் கையில் தந்தாள். பாதையின் தொடக்கத்தில், ரோட்டோரமாக நின்று அடிக்கச் சொன்னாள். ஒரு கிழமையாக மழை, சரளைக்கல்லுக்குக் கீழே எல்லாம் சேறு. இதை யாராவது யோசித்தோமா. ஓங்கி அடித்தேன். தேங்காய் தொப் என்று விழுந்து, ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, முழுசாக உருண்டு ஓரத்துப் புல்லுக்குள் போய் மறைந்தது.

கைராசிக்காரி அடித்த தேங்காய் உடையவில்லை. தங்கச்சியின் முகம் சுருங்கியது. என் வயிற்றில் கிடப்பதை எல்லாரும் கண்டுவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது.

"நிலம் ஈரமாக் கிடக்கு" என்றேன்.

"ஓம் ஓம், ஈரம்தான்" என்று அவள் கணவர் ஓடிப்போய் இன்னொரு தேங்காய் எடுத்துவந்தார். அதை வாசல்படிக் கல்லில் அடித்தேன், இரண்டாகப் பிளந்தது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. முதல் தேங்காயைத் தேட யாரும் போகவில்லை.

ஆனால் தங்கச்சிக்கு மனம் ஆறவில்லை. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துவந்து மெசினைச் சுற்றிக் கண்ணூறு கழித்தாள். "ஊர்க்கண் உறவுக்கண் எல்லாம் போகட்டும்" என்று அவள் முணுமுணுத்தபோது நான் மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிளகாயை பார்பிக்யூ அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறினால் கண்ணூறு இல்லை, கமறாவிட்டால் இருந்தது என்பது எங்கள் ஆட்களின் சாத்திரம். நாங்கள் எல்லாரும் அடுப்பைச் சுற்றி மூக்கைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். காற்று மறுபக்கம் அடித்ததோ என்னவோ, ஒரு மணமும் வரவில்லை. நான் முந்திக்கொண்டு பலமாக இருமினேன். கண்ணையும் கசக்கினேன். "அப்பாடி, என்ன காரம்" என்றேன். அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக இருமினார்கள்.

அந்தக் கிழமையே முதல் பனி கொட்டியது. நான் மார்க்கத்தில் எங்கள் சின்ன ட்ரைவ்வேயைச் சவளால் வழித்துக்கொண்டே, சட்டைப் பையில் கிடந்த போனுக்குக் காது கொடுத்தபடி இருந்தேன். வழித்து முடிக்கவும் நகரசபை வண்டி வந்து, ரோட்டுப் பனியை எல்லாம் என் வாசலில் மதிலாகக் கட்டிவிட்டுப் போனது. அப்போதுதான் போன் அதிர்ந்தது.

வீடியோ. கபினுக்குள் ஒரு மனுசி. ஜக்கெட்டைக் கழற்றிப் பின்னால் போட்டிருக்கிறாள், பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர். தலையைத் திருப்பிப் பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பின்னுக்கு ஓட்டுகிறாள். புளோவர் பனியை அள்ளி வயலுக்குள் வீசுகிறது. என் தங்கச்சி.

"அக்கா, இவருக்குக் கழுத்துத் திரும்புதில்லை, முழங்காலும் இடிக்குது. சும்மா ஏறிப் பாத்தன். எனக்கெண்டே அளவெடுத்துத் தைச்ச மாதிரிக் கிடக்கு. உங்கடை செலக்‌ஷன் எண்டா செலக்‌ஷன்தான்."

அளவெடுத்துத்தான் தைத்தேன். என் அளவு. நானும் அவளும் ஒரே உயரம், சின்ன வயதில் இருந்து ஒரே சட்டையை மாறி மாறிப் போட்டவர்கள் என்பது அந்தக் கடையில் என் மூளைக்கு ஒருதரம்கூட எட்டவில்லை. சவளை நட்டுவிட்டு அந்தப் பனி மதிலின் மேலேயே குந்திவிட்டேன். நான் ஆசைப்பட்ட காணியை எடுத்தாள், சரி. நான் ஆசைப்பட்ட இருக்கையை நானே தேடித் தெரிந்தெடுத்து, அவள் உடம்புக்குப் பொருந்தும்படி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாள் மார்க்கத்தில் வேறு இருக்கிறாளா என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பனி கொட்டும்போதெல்லாம் ஒரு வீடியோ வந்தது. நான் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரங்களில் நல்லாய் வழிக்கவில்லை. திருப்பத்தில் வேகம் கூட. "வாவ்" என்று பதில் போட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓட்டுறாள்" என்றார். அன்று அவருக்கு முதல்நாள் கறிதான்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை காலை. இரவு பெரிய பனி. வீடியோவுக்குப் பதிலாக அழைப்பு வந்தது.

"அக்கா, படார் எண்டு ஒரு சத்தம். புளோவர் சுத்துதில்லை. ரோட்டு வாயிலை நிக்கிறன்."

"ஒண்டையும் தொடாதை. எஞ்சினை நிப்பாட்டு. வாறன்."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமில்லை. நான் சப்பாத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர், "கலியாணவீட்டுக்குக்கூட நீர் உவ்வளவு கெதியா வெளிக்கிட்டதில்லை" என்றார்.

போனபோது மெசின் பாதையின் தொடக்கத்தில் நின்றது. தங்கச்சி இருக்கையை விட்டு இறங்கவில்லை. அவள் கணவர் மெசினோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார். திறப்பை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போய்க் குனிந்தேன். நடந்த காரியம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. புளோவரின் பனி அள்ளும் சுருளில் ஒரு போல்ட் உண்டு, ஏதாவது இறுகினால் மற்றதைக் காப்பாற்றத் தான் உடைவதற்கென்றே செய்தது. அது உடைந்திருந்தது. "கராஜுக்கை மெசினோடை தந்த சின்னப் பையிலை ஸ்பெயர் போல்ட் கிடக்கும்" என்று அவரை அனுப்பினேன்.

பிறகு சுருளுக்குள் பார்த்தேன். கபில நிறத்தில், மயிர் மயிராக, ஒன்று இறுகிக் கிடந்தது. ஏதோ மிருகம் அகப்பட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். பனியைத் தட்டிவிட்டதும் குடுமி தெரிந்தது.

என் தேங்காய்.

கல்லாக உறைந்து, தண்ணீர் உறைந்த வீக்கத்தில் ஒரு மெல்லிய வெடிப்போடு, முழுசாக இருந்தது. கண்ணூறு கழித்து, புகை போட்டு, எல்லாரும் இருமி அனுப்பியும் அது போகவில்லை. இரண்டு மாதமாகப் புல்லுக்குள் காத்திருந்து, அவளுடைய மெசினைத் தேடி வந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. காரில் கொண்டுவந்த சுத்தியலின் பிடியால் தட்டி எடுத்து, ஜக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். நெஞ்சு சில்லிட்டது.

அவள் கணவர் போல்ட்டோடு வந்தார். பூட்டினேன். "என்ன அக்கா, கல்லோ?" என்றார்.

"கல்லு மாதிரி ஒண்டுதான். எறிஞ்சிட்டன்."

நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தேன். "இறங்கு. சரியோ எண்டு நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் அந்த ஹைவேயில் வழுக்கி வழுக்கி வந்தேன். அவள் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"வேண்டாம் அக்கா. நீங்கள் குளிருக்கை நிண்டிட்டியள், உள்ளை போய் ரீ குடியுங்கோ. நான் முடிச்சுப்போட்டு வாறன்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "இதிலை ஏறத் தொடங்கினாப்பிறகுதான் அக்கா இது என்ரை வீடு மாதிரிக் கிடக்கு. அதுக்கு முந்தி தனியா இருக்கேக்கை, ஏன் வந்தம் எண்டு ஒவ்வொரு நாளும் அழுதிருக்கிறன்" என்றாள்.

அவள் அழுதது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். இரக்கத்துக்கு இடமில்லாமல் நெஞ்சு முழுக்க ஒரு உறைந்த தேங்காய் இருந்தது. திறப்பை எடுத்து நீட்டினேன்.

உள்ளே யன்னலோரமாக நின்று பார்த்தேன். போகப் போக நன்றாக ஓட்டினாள். ஓரங்களைக்கூட நல்லாய் வழித்தாள். அவள் கணவர் தேநீரை நீட்டிக்கொண்டே, "போல்ட் மாத்தினதை நான் போனிலை பிடிச்சு வைச்சிருக்கிறன் அக்கா. இனி உங்களை இவ்வளவு தூரம் அலைக்கழிக்கத் தேவையில்லை" என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

வீட்டுக்கு வந்து தேங்காயைச் சமையலறை மேசையில் வைத்தேன். உருகித் தண்ணீர் வடிந்தது. பின்னேரம் கத்தியின் முதுகால் ஒரு அடிதான் அடித்தேன், இரண்டாகப் போனது. உள்ளே பூவாக வெள்ளை. எறிய மனம் வராமல் திருவினேன். சம்பலுக்குச் செத்தல் மிளகாயைச் சட்டியில் போட்டு வறுத்தேன். வழக்கமாக நான் மிளகாய் வறுத்தால் கணவர் இருமிக்கொண்டு எல்லா யன்னலையும் திறப்பார். அன்றைக்கு அவர் பக்கத்திலேயே இருந்து பேப்பர் வாசித்தார்.

"என்ன, மிளகாய் கமறேல்லை?"

"ஃபான் போட்டிருக்கு" என்றேன். போட்டிருக்கவில்லை.

புட்டும் சம்பலும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்ல தேங்காய். எங்கை வாங்கினீர்?"

"வாங்கேல்லை" என்று சொல்லி என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். "தங்கச்சியின்ரை காணியிலை விளைஞ்சது."